இறக்கிய கார் ஏன் அடம்பிடிக்கிறது?

வணக்கம் நேயர்களே.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களுக்குச் சில மாதங்களில் கண்ணை உறுத்த ஆரம்பிக்கிற விஷயம் ஒன்று உண்டு. டயருக்கும் அதன் மேலிருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே நான்கு விரல் நுழையும் இடைவெளி. அதை மூடியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டால் அப்புறம் தூக்கம் வராது. குட்டையான ஸ்பிரிங் வாங்கி மாட்டி, வண்டியை 30, 40 மில்லிமீட்டர் இறக்கிவிடுவார்கள். நிறுத்திவைத்துப் பார்த்தால் அழகுதான், நான் மறுக்கவில்லை. மறுநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வருவார்கள். நேராகப் போக மாட்டேன் என்கிறது, வளைவில் திடீரென்று வழுக்குகிறது, சின்னப் பள்ளத்துக்கே ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறது. கூடவே தீர்ப்பையும் கொண்டுவந்துவிடுவார்கள்: ஸ்பிரிங் மட்டம்.

நான் பார்த்தவரை பாவம், ஸ்பிரிங் பெரும்பாலும் நிரபராதி. சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் ஆர்ம், ராட் எல்லாம் கீல் போட்ட கதவு மாதிரி ஒரு முனையை மையமாக வைத்து ஆடுகிறவை. வண்டியின் உடல் இறங்கினால் அத்தனையும் கோணம் மாறும். சக்கரத்தின் தலைப்பக்கம் உள்ளே சாயும், அது பார்க்கும் திசை கொஞ்சம் திரும்பும், ஷாக் அப்சார்பர் பாதி அமுங்கியபடி நிற்கும். அதனால் என்ன ஸ்பிரிங் போட்டீர்கள் என்று நான் விசாரிப்பதே இல்லை. கோளாறு எப்போது தெரிகிறது என்றுதான் கேட்பேன். நேர்ச்சாலையிலா, பிரேக் பிடிக்கும்போதா, வளைவின் நடுவிலா, மேடு பள்ளத்திலா? பதில் தெளிவாக வந்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கும் முன்னால், டயரில் காற்று. சிரிக்காதீர்கள். ஒரு டயரில் மட்டும் காற்று குறைந்திருந்ததைக் கவனிக்காமல் அரை நாள் வண்டிக்கு அடியில் கிடந்தவன் நான். டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் பாருங்கள். சக்கர நட்டுகளையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

சரி, நேர்ச்சாலையில் அலைபாய்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது டோவைத்தான். மேலிருந்து பார்க்கும்போது ஒரு ஜோடிச் சக்கரங்கள் லேசாக உள்நோக்கி இருக்கின்றனவா, வெளிநோக்கி இருக்கின்றனவா என்பதற்குப் பெயர்தான் டோ. முன்சக்கரங்கள் கொஞ்சம் உள்நோக்கி இருந்தால் வண்டி அமைதியாகப் போகும். வெளிநோக்கி இருந்தால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் திரும்பும். ஆனால் சாலையில் உள்ள தடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு அலையும். பின்சக்கரங்கள் வெளிநோக்கிப் போய்விட்டால் இன்னும் ஆபத்து. வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் பின்பக்கம் முந்திக்கொண்டு வரப் பார்க்கும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். மீன்பிடி நரம்பு கொஞ்சம், நான்கு ஸ்டாண்டு, இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். வண்டியின் இரு பக்கமும் சக்கரத்தின் நடுமட்டத்தில் நரம்பை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நரம்புகளுக்கும் இடையே முன்னாலும் பின்னாலும் ஒரே தூரம் இருக்க வேண்டும். ஒவ்வொரு அச்சிலும் இடது ஹப்பிலிருந்து, அதாவது சக்கரத்தின் நடுமையத்திலிருந்து, இருக்கும் தூரமும் வலது ஹப்பிலிருந்து இருக்கும் தூரமும் ஒத்திருக்க வேண்டும். இதற்குத்தான் பொறுமை தேவை. அப்புறம் ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நரம்புவரை ஓர் அளவு, பின்விளிம்பிலிருந்து ஓர் அளவு. 17 அங்குல ரிம்மில் இந்த இரண்டுக்கும் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அது ஏறக்குறைய 0.13 டிகிரி. அற்பமான எண்ணாகத் தெரிகிறது அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கோணத்தில் உருளும் டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வைத், திட்டுகிறார்கள். சக்கரம் ஒன்றரை டிகிரி உள்ளே சாய்ந்திருப்பதால் மட்டும் டயர் அவ்வளவு வேகமாகத் தேயாது. சாய்வோடு தப்பான டோவும் சேரும்போதுதான் விளிம்பைத் தின்றுவிடுகிறது.

இன்னொன்று. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கி அமரும். மாட்டியவுடன் ஓர் அலைன்மென்ட், அமர்ந்த பிறகு மறுபடியும் ஒன்று.

அலைன்மென்ட் கச்சிதமாக இருந்தும் மேடு பள்ளத்தில் மட்டும் வண்டி தானாகத் திரும்பினால் அது பம்ப் ஸ்டியர். சக்கரம் ஏறி இறங்கும்போது, அதைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் முனை ஒரு வட்டத்தின் வில்லில் நகர்கிறது, ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் முனை இன்னொரு வில்லில் நகர்கிறது. தொழிற்சாலை வைத்த உயரத்தில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும்படி வடிவமைத்திருப்பார்கள். வண்டியை இறக்கியதும் அந்த ஒற்றுமை கெடுகிறது. சக்கரம் மேலே போகும்போதெல்லாம் டை ராட் அதைத் தள்ளியோ இழுத்தோ திருப்பிவிடுகிறது. சாதாரண அலைன்மென்ட் சோதனை இதைக் காட்டாது, அங்கே வண்டி அசையாமல் நிற்கிறதே! ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பை ஜாக்கியால் 10 மில்லிமீட்டர் வீதம் உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் டோவை அளந்தால் குட்டு வெளிப்படும். டை ராட் முனையின் உயரத்தை மாற்றித் தரும் பாகங்கள் பல வண்டிகளுக்குக் கிடைக்கின்றன.

இதற்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார், ரோல் சென்டர். வண்டியை இறக்கினால் வளைவில் சாய்வது குறையும் என்றுதான் நம்புகிறோம். முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் சில சமயம் தலைகீழாக நடக்கிறது. வண்டி வளைவில் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதுதான் ரோல் சென்டர். உடல் 40 மில்லிமீட்டர் இறங்கினால் இந்தப் புள்ளி அதைவிட அதிகமாக இறங்கிவிடும். ஈர்ப்பு மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீண்டுவிடுகிறது. ஸ்பிரிங்கின் கூடுதல் விறைப்பு இதை ஈடுகட்டாவிட்டால் இறக்கிய வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். கண்ணாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது முன்னாலிருந்து குனிந்து லோயர் ஆர்மைப் பாருங்கள். சக்கரத்தின் பக்கம் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட், ஆர்ம் வண்டியோடு சேரும் உள்பக்கத்து ரப்பர் புஷ்ஷைவிட உயரத்தில் இருந்தால் அந்த வண்டிக்கு நீங்கள் இறக்கியது அதிகம். நீளமான பால் ஜாயின்ட் போட்டு ஆர்மின் கோணத்தை மீட்கலாம். போட்டால் டை ராடையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் பம்ப் ஸ்டியர் கூடிவிடும்.

வளைவின் நடுவில் திடீரென்று பிடிப்பு விடுகிறது என்பவர்களிடம் நான் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிய வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். சக்கரம் மேலே போக 80 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 40 இறக்கிவிட்டால் மிச்சம் 40. இடம் பாதியாகிவிட்டது, அதே பள்ளத்தின் அடியை அந்தப் பாதி இடத்துக்குள் தாங்க ஸ்பிரிங் இரண்டு மடங்காவது விறைப்பாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் இறக்கும் ஸ்பிரிங்குகள் பலவும் 20, 30 விழுக்காடுதான் கூடுதல் விறைப்பு. மீதியை யார் தாங்குவது? பம்ப் ஸ்டாப் என்கிற அந்த நுரை ரப்பர் துண்டுதான். சாய்ந்த வண்டி அதன்மேல் போய் உட்கார்ந்ததும் அந்த மூலையின் விறைப்பு சட்டென்று எகிறுகிறது, டயர் தாங்க வேண்டிய பாரமும் எகிறுகிறது, பிடிப்பு போய்விடுகிறது. முன்பக்கம் முதலில் உட்கார்ந்தால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். பின்பக்கம் முதலில் உட்கார்ந்தால் வால் வீசும்.

இதைப் பிடிக்கப் பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் ஒன்றை ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டைச் சுற்றி, இறுக்கமாகவும் இல்லாமல் தளர்வாகவும் இல்லாமல் கட்டி, அடியில் உடம்போடு ஒட்டித் தள்ளிவிடுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில் ஒரு சுற்று போய்விட்டு வந்து பாருங்கள். டேக் பம்ப் ஸ்டாப்பின் கழுத்துவரை ஏறி நசுங்கியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. அதற்காகக் கத்தியை எடுத்து பம்ப் ஸ்டாப்பை வெட்டிவிடாதீர்கள். ஸ்பிரிங் தயாரித்தவர் இவ்வளவு வெட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அந்த அளவுக்கு. இல்லாவிட்டால் ஷாக் அப்சார்பரின் உலோகமே உலோகத்தில் மோதும்.

என் சொந்த வண்டியில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, ஆர்ம் போல்ட்டுகளையெல்லாம் முழு இறுக்கம் கொடுத்து முடித்தேன். கீழே இறக்கினால் வண்டி எதிர்பார்த்ததைவிட உயரமாக நின்றது, கட்டை வண்டிபோலத் தூக்கிப் போட்டது. காரணம், ரப்பர் புஷ் முறுக்கப்பட்ட ஸ்பிரிங்காக மாறிவிட்டிருந்தது. புஷ்ஷின் நடுக்குழாய் இறுகிய இடத்தில் நிற்கும், ஆர்ம் அசைந்தால் ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். சக்கரங்கள் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போதுதான் அந்தப் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். எனக்கு இது புரிந்தபோது இரண்டு புஷ் கிழிந்திருந்தன.

இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் வேறு குணம் என்றால் வண்டி சாய்வதைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரின் லிங்க் ராடுகளைப் பாருங்கள். சமதளத்தில் நிற்கும்போதே அந்தப் பார் முறுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில் ஓவர் ஸ்பிரிங் போட்டவர்கள் நான்கு மரைகளையும் ஸ்கேல் வைத்து ஒரே அளவாகத் திருகியிருப்பார்கள். வண்டியின் எடை நான்கு மூலையிலும் ஒரே அளவாக இல்லையே. ஓட்டுநரின் எடையைச் சீட்டில் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்துப் பார்த்தால், குறுக்காக எதிரெதிரே உள்ள இரண்டு மூலைகளின் (முன் இடது, பின் வலது என்பதுபோல்) கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதிக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஹெட்லைட் ஒளியும் இடம் மாறியிருக்கும், அதையும் திருத்திவிடுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நண்பர் ஒருவர் ஒரே நாளில் டோ, கேம்பர், ஷாக் அப்சார்பர் விறைப்பு மூன்றையும் மாற்றிவிட்டு, எதனால் கெட்டது என்று தெரியாமல் வந்து நின்றார். எல்லாவற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுபோய், டேக் கட்டி, ஒரு சுற்று அனுப்பினேன். முன்பக்க டேக் இரண்டும் நசுங்கித் திரும்பின. முன்பக்கத்தை 15 மில்லிமீட்டர் ஏற்றினோம், டோவை மறுபடி வைத்தோம். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் முகத்தில் சிரிப்பு. வண்டியை நிறுத்தி இறங்கினார், நாலடி பின்னால் போனார், மட்கார்டு வளைவைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. "ஓட்டும்போது நன்றாகத்தான் இருக்கிறது," என்றார், "ஆனால் நிறுத்தினால் மறுபடியும் விரல் நுழைகிறதே."

நன்றி, வணக்கம்.