பாந்த்ரா பாறைல படம் எடுக்கணுமா? முதல்ல காலண்டரப் பாருங்க

வணக்கம் மக்களே. பின்னாடி தெரியுறது மும்பை, பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் கடற்கரைப் பாறை. காத்து மைக்ல அடிக்குது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

ஊர்ல இருந்து ட்ரிப் வர்றவங்களுக்கும் சரி, மாட்டுங்கா, செம்பூர்க்காரங்களுக்கும் சரி, லென்ஸ் அப்புறம். சுவத்துல தொங்குற தினசரி காலண்டர்ல அமாவாசை, பௌர்ணமி எப்பன்னு பாருங்க. மெரினாவுல கடல் ஏறி இறங்குறது ஒரு மீட்டர் கணக்குதான், அதனால நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இங்க அமாவாசைய ஒட்டி மூணரை, நாலு மீட்டர். கோலி மீனவங்க 'பர்த்தி', 'ஓஹோட்டி'ன்னு சொல்லுவாங்க. ஏத்தம், வத்தம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மும்பைல அமாவாசை, பௌர்ணமி அன்னிக்கு ஹை டைட், அதாவது கடல் முழுசா ஏறி நிக்கிற நேரம், மத்தியானம் 12 மணிய ஒட்டி வரும். அதுல இருந்து ஆறேகால் மணி நேரத்துல லோ டைட், முழுசா வத்தின நேரம். சூரியன் கடல்ல இறங்குற நேரமும் கிட்டத்தட்ட அதான். பாறை முழுசா வெளிய, நடுவுல குட்டை குட்டையா தண்ணி, அதுல ஆரஞ்சு வானம். அஷ்டமிய ஒட்டி வந்தீங்கன்னா சாயங்காலம் தண்ணி ஏறி நிக்கும், பாதி பாறை முங்கியிருக்கும். இந்த ஏத்த வத்த நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். சரியான நேரத்துக்கு டைட் டேபிள்ல மும்பை, அப்போலோ பந்தர்னு போட்டுப் பாருங்க.

லோ டைடுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி இறங்குங்க. தண்ணி இறங்க இறங்க பாறை ஈரத்துல மின்னும், திரும்புற வழியும் அகலமாகிட்டே போகும். தண்ணி திரும்பிட்டா முதல் ஒரு மணி நேரம் ஏறுறதே தெரியாது. மூணாவது, நாலாவது மணி நேரத்துல மணிக்கு ஒரு மீட்டர் ஏறிடும். அதுவும் முன்னாடி இருந்து வராது, பின்னாடி இருக்கிற பள்ளத்தத்தான் முதல்ல நிரப்பும். மாட்டிக்கிறது அங்கதான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை பாறைல இறங்கவே வேணாம், மேல நடைபாதைல நின்னே எடுங்க.

பச்சைப் பாசில கால் வைக்காதீங்க. சொரசொரன்னு ஒட்டியிருக்கே, பார்னக்கிள், அது மேல கால் வழுக்காது. ஆனா விழுந்தா கைய கிழிச்சிடும். செருப்பு வேணாம், ஷூ.

செட்டிங் பாருங்க. ஐஎஸ்ஓ 100, எஃப் 11. இந்த வெளிச்சத்துல ஷட்டர் 1/15 செகண்ட் காட்டுது. என்டின்னா வெளிச்சத்தக் குறைக்கிற கருப்பு ஃபில்டர், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். 6 ஸ்டாப் என்டி மாட்டினா 4 செகண்ட், 10 ஸ்டாப்னா 68 செகண்ட். 10 ஸ்டாப்ல கடல் பால் மாதிரி ஆயிடும். எனக்கு அது பிடிக்காது, எந்த ஊர் கடல்னே தெரியாது. அரை செகண்ட்ல இருந்து ஒரு செகண்ட் வைங்க, அதுக்கு 3 ஸ்டாப் போதும். அலை மேல வரும்போது ஷட்டர அமுக்காதீங்க, திரும்பி ஓடும்போது அமுக்குங்க. இதோ, இந்தப் பாறை இடுக்குல தண்ணி நுரையோட திரும்பி ஓடுது பாருங்க... இப்ப. அந்த வெள்ளைக் கோடு விழும். ரெண்டு செகண்ட் டைமர் வச்சா இந்த நொடி போயிடும், ரிமோட் வாங்கிக்கோங்க. கருப்புப் பாறையப் பாத்து கேமரா ஏமாந்து வெளிச்சத்தக் கூட்டும், வானம் வெளுத்துடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்கிற +/- செட்டிங்) மைனஸ் 1 வைங்க.

ட்ரைபாட்ல கீழ இருக்கிற மெல்லிசான கால முதல்ல நீட்டுங்க, அப்பத்தான் பூட்டு உப்புத் தண்ணிக்கு மேல நிக்கும். மணல்ல வச்சா நல்லா அழுத்தி, ஒரு அலை வந்து போகட்டும், அப்புறம் எடுங்க. இல்லன்னா எக்ஸ்போஷர் நடுவுல இறங்கிடும், படம் ரெட்டையா வரும். ஃபில்டர்ல சாரல் பட்டா காஞ்ச துணியால தேய்க்காதீங்க, உப்பு கீறும். நல்ல தண்ணில நனைச்ச துணியால ஒத்தி எடுத்துட்டு, அப்புறம் காஞ்ச துணி. வீட்டுக்குப் போனதும் ட்ரைபாட் கால் மூணையும் குழாய்ல கழுவுங்க.

ஏசி கார்ல வந்தா பைய உடனே திறக்காதீங்க, லென்ஸ் வேர்த்துடும். அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

அந்தப் பள்ளத்துல தண்ணி வர ஆரம்பிச்சிடுச்சு. கிளம்புறேன்.