நெல்லைக்கு வந்தால் டவுன் பஸ் ஏறுங்கள், அல்வாவை நின்றே தின்னுங்கள்

வணக்கம் மக்களே! திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், பின்னால் கண்டக்டர்கள் கூவுவதால் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன். மதுரை, நாகர்கோவில் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தால் இங்கேதான் இறக்கிவிடுவார்கள். இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், நீங்கள் நேராக டவுன் பஸ் பக்கம் நடையைக் கட்டுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் காசு கிடையாது, வெளியூர்க்காரர்களுக்கும் அப்படித்தான். ஆட்டோதான் வேண்டுமென்றால், "அண்ணாச்சி, டவுனுக்கு எவ்வளவு?" என்று ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மீட்டரை நம்பி உட்காராதீர்கள்.

ஜங்ஷன் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் பிடியுங்கள். கொக்கிரகுளத்தில் தாமிரபரணியைத் தாண்டும்போது வளைவு வளைவாக ஒரு பழைய பாலம் தெரியும், சுலோசன முதலியார் பாலம், 1843-ல் கட்டியது. கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்த மனுஷன் சொந்தக் காசைப் போட்டுக் கட்டியிருக்கிறார், இன்றைக்கும் நம்மைத் தாங்குகிறது.

மதியத்துக்குச் சொதிக் குழம்பு தேடுங்கள். இங்கே சைவப் பிள்ளைமார் வீட்டுக் கல்யாணத்தில் மறுவீட்டு விருந்து என்றால் சொதிதான். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்து, கடைசியில் இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் விட்டு இறக்குவார்கள், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்காமல் இருக்கத்தான் இவ்வளவு இஞ்சி. எல்லா ஓட்டலிலும் தினமும் கிடைக்காது, சைவ மெஸ்களில் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் அல்வாவைவிட இதற்காகவே இந்த ஊருக்கு வரலாம். சொன்னால் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

சரி, அல்வாவுக்கு வருவோம். சாயங்காலம் டவுன் பஸ் பிடித்து நெல்லையப்பர் கோவிலில் இறங்குங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் சாயங்காலம்தான் தோது. உள்ளே தட்டினால் சுரம் பேசும் இசைத்தூண்களையும் நடராஜரின் தாமிர சபையையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் எதிரே இருட்டுக்கடை. போர்டைத் தேடாதீர்கள், கூட்டத்தைத் தேடுங்கள், ஏனென்றால் அந்தப் பேரை ஒட்டி ஊரெல்லாம் போர்டு தொங்குகிறது. ஊருக்குப் பார்சல் கட்டுவது இருக்கட்டும், முதலில் நூறு கிராம் சூடாக வாங்கி அங்கேயே நின்று தின்னுங்கள். இலையில் வைத்ததும் ஓரத்தில் நெய் கசிந்து விரல் இடுக்கு வரை வரும், அல்வா மெல்லுவதற்கு முன்பே தொண்டைக்குள் வழுக்கிவிடும். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துக் கிண்டுகிற வேலை, எல்லா ஊரிலும் அதே வேலைதான். ஆனால் ருசிக்குக் காரணம் என்னவென்று இங்கே யாரிடம் கேட்டாலும் தாமிரபரணித் தண்ணீரைத்தான் கை காட்டுவார்கள். மறுநாள் வீட்டில் பெட்டியைத் திறந்தால் நெய் உறைந்து வேறு பண்டமாகிவிட்டிருக்கும், லேசாகச் சூடு காட்டினால் பாதி உயிர் வரும்.

ராத்திரிக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் கருப்பட்டிக் காபி, பரோட்டா சால்னா, அவ்வளவு போதும்.

அப்புறம், குற்றாலம் சீசனில் வந்தால் ஜங்ஷனிலிருந்து செங்கோட்டை பாசஞ்சர் ஏறிவிடுங்கள். பஸ்ஸைவிடச் சல்லிசு, மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தனி வீடியோவுக்கான சமாச்சாரம். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அருவியில் குளித்துவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள், சாப்பிட்டுவிட்டுப் போய் அருவியில் நிற்காதீர்கள்.