வில்லிஸ் ஜீப் எஞ்சினை வீட்டில் பிரித்துக் கட்டுவது: ஸ்பேனருக்கு முன்னால் மைக்ரோமீட்டர்

(காட்சி: மோல்மேன் மேட்டுத்தெருவில் இறங்கும் பழைய ஜீப். சமதளத்துக்கு வந்ததும் பின்னால் நீலப் புகை.)

இறக்கத்துல ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டு, கீழே வந்து மறுபடி மிதிக்கிறப்ப நீலமா புகை தள்ளுது பாருங்க. எண்ணெய் எரியுது, அதுல சந்தேகம் இல்ல. தெருவுல நாலு பேர் கூடினா நாலு பேரும் ஒரே தீர்ப்புதான் சொல்வாங்க: "ரிங் போச்சு, எஞ்சினை இறக்கு." ரிங்னா பிஸ்டனைச் சுத்தி, சிலிண்டர் சுவரோட ஒட்டி நிக்கிற வளையம். அப்படியும் இருக்கலாம். ஆனா இறக்குறதுக்கு முன்னாடி எஞ்சினையே ஒரு வார்த்தை கேட்டுடலாம்.

வண்டி இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி. சண்டையோட பர்மாவுக்கு வந்து, சண்டை முடிஞ்சும் இங்கேயே தங்கிட்ட ரகம். ஃபோர்டு ஜிபிடபிள்யூ வெச்சிருந்தாலும் கவலை இல்ல, எஞ்சின் அதே டிசைன்தான். நாலு சிலிண்டர், 2.2 லிட்டர், பெட்ரோல், 60 குதிரைத்திறன். போர், அதாவது சிலிண்டரோட உள்விட்டம், 3⅛ அங்குலம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குற தூரம், 4⅜ அங்குலம். இன்னொண்ணு: 1970 டிசம்பர் 6-ஆம் தேதி நம்ம நாடு சாலையில வலது பக்கத்துக்கு மாறுச்சு. அதுக்கப்புறம் வந்த ஜப்பான் வண்டிகள்ல பாதிக்கு மேல ஸ்டியரிங் தப்பான பக்கத்துல இருக்கு. இந்தக் கிழவனுக்கு மட்டும் சரியான பக்கத்துலயே இருக்கு.

(காட்சி: கம்ப்ரெஷன் கேஜ், பிளக் துளையில்.)

எஞ்சினைச் சூடாக்குங்க. நாலு பிளக்கையும் கழட்டி, திராட்டிலை முழுசா திறந்து வெச்சு, ஒவ்வொரு சிலிண்டரா கம்ப்ரெஷன், அதாவது எஞ்சினைச் சுத்துறப்ப உள்ளே ஏறுற அழுத்தம், பாருங்க. 100 பிஎஸ்ஐ சொச்சம் காட்டினா பதறாதீங்க. இப்போதைய வண்டியில 160, 170 பார்த்த கண்ணுக்கு அது செத்த எஞ்சின் மாதிரித் தெரியும். இதோட கம்ப்ரெஷன் ரேஷியோவே (உள்ளே போனதைச் சுருக்குற விகிதம்) 6.48 தான், அவ்வளவுதான் வரும். பார்க்க வேண்டியது நாலுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்.

குறைவா காட்டுற சிலிண்டர்ல கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா கோளாறு ரிங்லயோ போர்லயோ இருக்கு. ஏறலேன்னா வால்வு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்து விழுந்திருந்தா ஹெட் கேஸ்கட். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. இது சைடு வால்வு எஞ்சின். வால்வு ஹெட்ல இல்ல, பிளாக்குலயே சிலிண்டருக்குப் பக்கத்துல நிக்குது. பிளக் துளை அந்த வால்வுப் பக்கம் இருக்கு. ஸ்பூனால எண்ணெய் விட்டா பாதி வால்வு மேலயே தங்கிடும், கணக்கு தப்பிடும். ஊசி சிரிஞ்சுல சின்ன ட்யூப் மாட்டி, பிஸ்டன் பக்கம் திருப்பி விடுங்க.

கோளாறு வால்வுல மட்டும்னா எஞ்சினை இறக்கவே வேணாம். ஹெட்டைத் திறந்து, வண்டியில வெச்சே முடிச்சிடலாம். நம்ம வண்டியில ரெண்டு சிலிண்டர் எண்ணெய் விட்டதும் ஏறிடுச்சு. அதனால இறக்குறோம்.

இறக்குறதைப் பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல. ரேடியேட்டர், முன் கிரில் எடுத்துட்டா எஞ்சின் முன்பக்கமா வந்துடும். 150 கிலோவுக்கு மேல கனம், அதனால செயின் பிளாக்கைக் கட்டுற உத்தரம் உறுதியா இருக்கணும். மாமரக் கிளையில கட்டாதீங்க, எத்தனை பேர் கட்டியிருந்தாலும் சரி.

(காட்சி: ஹெட் கழற்றிய பிளாக். வால்வு அறையின் மூடி திறந்திருக்கிறது.)

இங்கே நிதானிங்க. வால்வு ஸ்பிரிங்கை அமுக்கி, அடியில இருக்கிற ரெண்டு லாக்கை எடுக்கணும். கடலைப்பருப்பு சைஸ்தான் இருக்கும். இந்த அறையோட தரையில எண்ணெய் வடியுற துளைகள் இருக்கு, நேரா கீழே சேம்பருக்கு, அதாவது அடியில எண்ணெய் நிக்கிற தொட்டிக்குப் போகும். அதுல துணியை அடைக்காம வேலை ஆரம்பிச்சா, லாக் நழுவுற சத்தம்தான் கேட்கும், லாக் கிடைக்காது.

பிஸ்டனை மேலே தள்ளுறதுக்கு முன்னாடி சிலிண்டரோட மேல் ஓரத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க. ஒரு படி தட்டுதா? மேல் ரிங் போகாத இடம் தேயாம நிக்குது, அதுக்குக் கீழே எல்லாம் தேஞ்சிருக்கு. அந்தப் படியை ரிட்ஜ் ரீமரால சீவிட்டுத்தான் பிஸ்டனை எடுக்கணும். சுத்தியலால தட்டி வெளியே எடுத்தா ரிங் அந்தப் படியில மோதி பிஸ்டனோட பள்ளத்தை உடைச்சிடும்.

கனெக்டிங் ராடு கேப், மெயின் கேப் எதையும் இடம் மாத்தக் கூடாது. எந்த எண், எந்தப் பக்கம்னு பஞ்ச் அடிச்சு வைங்க, போட்டோவும் எடுங்க. பழைய கேஸ்கட், கயிறு சீல், கிளட்ச் தூசி எல்லாத்துலயும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. நனைச்சுட்டுச் சுரண்டுங்க. காத்தடிச்சு ஊதவே ஊதாதீங்க.

(காட்சி: போர் கேஜ் சிலிண்டருக்குள் இறங்குகிறது. அருகே வரைபடம்.)

இந்த வீடியோவை நான் எடுத்ததே இந்த இடத்துக்காகத்தான். பிரிக்கிறது யாருக்கும் வரும். பிரிச்சதும் ரிங் செட், பேரிங் செட், கேஸ்கட் செட்னு வாங்கிப் போட்டு மூடிட்டு, அதுக்கு ஓவரால்னு பேர் வைக்கிறாங்க. அளக்காம போட்ட புது ரிங், நீள்வட்டமா தேஞ்ச போர்ல உட்காரவே உட்காராது.

ஒரு சிலிண்டர்ல ஆறு அளவு எடுங்க: மேலே படிக்குக் கீழே, நடுவுல, அடியில. ஒவ்வொரு இடத்துலயும் கிராங்க் நீளவாக்குல ஒண்ணு, குறுக்குவாக்குல ஒண்ணு. தேய்மானம் மேலேதான் அதிகமா இருக்கும், ஏன்னா வெடிப்பழுத்தம் ரிங்குக்குப் பின்னால புகுந்து அதைச் சுவரோட அழுத்துறதும் அங்கேதான், எண்ணெய் குறைவா எட்டுறதும் அங்கேதான். குறுக்குவாக்குல அதிகம் தேயுறதுக்குக் காரணம், சாய்ஞ்ச ராடு பிஸ்டனை அந்தப் பக்கம்தான் தள்ளுது. மேலுக்கும் கீழுக்கும், இல்ல குறுக்குக்கும் நெடுக்குக்கும் அஞ்சு தவ் வித்தியாசம் இருந்தா, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல அஞ்சு பங்கு, நான் போரிங்னு, அதாவது சிலிண்டரைப் பெருசா வெட்டணும்னு முடிவு பண்ணிடுவேன்.

புத்தகத்துல இருக்கிற ஸ்டாண்டர்டு அளவை அப்படியே நம்பாதீங்க. எண்பது வருஷ எஞ்சின், இதுக்கு முன்னாடி எத்தனை கை பட்டிருக்கும்! பிஸ்டன் தலையில 20, 30, 40-னு ஓவர்சைஸ் (ஸ்டாண்டர்டைவிட எத்தனை தவ் பெருசுன்னு) குத்தியிருக்கான்னு பாருங்க. பேரிங் ஷெல்லைப் புரட்டி முதுகைப் பாருங்க, கிராங்க் எத்தனை அண்டர்சைஸ்ல (எத்தனை தவ் சீவிக் குறைச்சு) ஓடுதுன்னு அங்கே இருக்கும். ஏற்கெனவே ஸ்லீவ் (உள்ளே இறக்குற புதுச் சுவர்) அடிச்ச சிலிண்டர் கூட இருக்கலாம்.

அடுத்தது விரிசல். இந்த பிளாக்ல எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற மெல்லிசான இடம்தான் பலவீனம். நல்லா கழுவி, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைச்சிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்க. விரிசல் இருந்தா உள்ளே ஊறின எண்ணெய் கசிஞ்சு வெள்ளையில ஒரு கறுப்புக் கோடு எழும். அது வந்துட்டா போரிங் காசைச் செலவழிக்காதீங்க, முதல்ல பிளாக்கைக் காப்பாத்த முடியுமான்னு பாருங்க.

(காட்சி: லேத்துக்கடை. போரிங் மெஷின். வெளியே ஜெனரேட்டர்.)

வீட்டுல முடியாதது மூணு: போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு சீட் வெட்டுறது. லேத்துக்கடை அண்ணன் பிளாக்கைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது: "தம்பி, பிஸ்டன் கையில இருக்கா? இல்லேன்னா பிளாக்கைத் திருப்பி எடுத்துட்டுப் போ." நியாயம்தான். கையில இருக்கிற பிஸ்டனுக்குத்தான் போர் வெட்டணும், வெட்டின போருக்குப் பிஸ்டன் தேடக் கூடாது. இந்தியாவுல மகேந்திரா ஜீப்ல வந்த 134 ஹரிகேன் எஞ்சினுக்கும் போர், ஸ்ட்ரோக் இதே அளவுதான். அதனால பிஸ்டன், ரிங் அந்த வழியிலயும் தேடலாம். வாங்கினதை அளந்துட்டுக் கொடுங்க.

கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாத ஊர். ஒரு சிலிண்டர் பாதியில மெஷின் நின்னா வெட்டுல வரி விழும். ஜெனரேட்டர் இருக்கிற கடையாப் பார்த்துக் கொடுங்க. மழை மாசத்துல இன்னொரு தொல்லை. புதுசா வெட்டின போரை அப்படியே விட்டா விடிஞ்சு பார்க்கிறப்ப செம்பழுப்பாயிடும். சோப்புத் தண்ணியும் பிரஷும் போட்டு, வெள்ளைத்துணியில கறை வராத வரைக்கும் கழுவி, துடைச்ச கையோட எண்ணெய் பூசணும். மண்ணெண்ணெயில மட்டும் கழுவினா ஹோனிங் தூள் (போரைக் கல்லால தேய்க்கிறப்ப வர்ற தூள்) போகாது, அது ரிங்கை அரைச்சிடும்.

(காட்சி: பிஸ்டனோடு சேர்த்துச் செருகிய மெல்லிய ஃபீலர் பட்டை (இடைவெளி அளக்கும் தகடு). அதில் கொக்கி மாட்டிய ஸ்பிரிங் தராசு.)

பிஸ்டன் இடைவெளி பார்க்க அந்தக் காலத்து ராணுவக் கையேட்டு முறை அழகானது. ரிங் இல்லாத பிஸ்டனோட, மூணு தவ் கனமும் முக்கால் அங்குல அகலமும் உள்ள ஃபீலர் பட்டையைச் செருகி, ஸ்பிரிங் தராசால இழுங்க. 5-லேர்ந்து 10 பவுண்டு, அதாவது ரெண்டே கால்லேர்ந்து நாலரை கிலோ இழுவையில வந்தா சரி. மீன்கடைத் தராசு போதும்.

ஒவ்வொரு ரிங்கையும் போருக்குள்ள விட்டு, பிஸ்டன் தலையால நேராத் தள்ளி, முனை இடைவெளியைப் பாருங்க: 8 முதல் 13 தவ். குறைவா இருந்தா அரத்தால சீவுங்க. சூட்டுல ரெண்டு முனையும் முட்டினா ரிங் போரைக் கீறிடும்.

வால்வுக்கு வருவோம். சீட் வெட்டி, லேப்பிங் பண்ணினா (வால்வைச் சீட்ல தேச்சுப் பொருத்தினா) வால்வு கீழே இறங்கும். இறங்கினா வால்வுக்கும் அதைத் தள்ளுற டேப்பெட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி குறையும். அதனால பழைய அட்ஜஸ்ட்மெண்ட் செல்லாது. எஞ்சின் குளிர்ந்த நிலையில 14 தவ் வைங்க. சத்தம் வருதுன்னு இறுக்கிடாதீங்க. இடைவெளி இல்லாத எக்ஸாஸ்ட் வால்வு சீட்ல முழுசா உட்காராது, உட்காரலேன்னா அதோட சூடு இறங்க வழியில்லாம எரிஞ்சுபோகும். டேப்பெட் சத்தம் போடுற எஞ்சினை நான் நம்புவேன்.

இறுக்குற அளவு, அதாவது டார்க்: ராடு நட்டு 50 முதல் 55 அடி-பவுண்டு. ஹெட் 60 முதல் 70, நடுவுலேர்ந்து வெளியே, மூணு சுத்துல ஏத்துங்க.

(காட்சி: எண்ணெய் அழுத்த கேஜ்.)

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பிளக் இல்லாம சுத்தி, எண்ணெய் கேஜ் முள் ஏறுதான்னு பாருங்க. முள் ஏறாம பிளக்கை மாட்டாதீங்க. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை, 1-3-4-2. ஓட ஆரம்பிச்சதும் சும்மா ஐடில்ல நிறுத்தி வைக்காதீங்க. ரிங் உட்காரணும்னா அதுக்குப் பின்னால அழுத்தம் வேணும். சூடானதும் தெருவுல எடுங்க, மேட்டுல மிதமா மிதிங்க, இறக்கத்துல விடுங்க, திரும்பத் திரும்ப. மறுபடி ஆறினதும் ஹெட்டை டார்க் பாருங்க, டேப்பெட்டையும் பாருங்க. முதல் எண்ணெயைச் சீக்கிரமே வடிச்சு, ஒரு காந்தத்தை அதுல போட்டு எடுங்க. மினுமினுன்னு தூள் இருந்தா ரிங்கு உட்காருது. துண்டா எதாவது ஒட்டிக்கிட்டு வந்தா சேம்பரைக் கழட்டிடுங்க.