கடல் கடக்கும் பைரவர்

நேயர்களுக்கு வணக்கம். நான் காரைக்குடியில் இருக்கும் கால்நடை மருத்துவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் திண்ணைக்கு நாயும் பூனையும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வளர்ப்பு நாயை வெளிநாட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

கடல் கடப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் ஊர் இது. அங்கே மூன்று வருட வேலைத் தவணை முடியும்வரை பெண்டு பிள்ளைகளே இங்கேதான் கிடந்தார்கள். நாயை யார் நினைத்தார்கள்? இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றவர்களைக் கூட அழைத்துக்கொள்கிறார்கள். வீட்டின் முகப்பு, உள்முற்றமான வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வரும்போது கடைசியில் வாசலில் நிற்பது நாய்.

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி. மகன் ஜெர்மனியில். மணி என்ற நாட்டு நாயோடு வந்தார்கள். “டாக்டர், அடுத்த மாதம் டிக்கெட். இவனுக்கு ஒரு சர்ட்டிபிகேட் கொடுங்க” என்றார்கள். “ஆச்சி, டிக்கெட்டை மாற்றுங்கள்” என்றேன். முகம் வாடிவிட்டது. என்ன செய்வது? விமானத்தில் போவது ஒரு நாள். அதற்கு முந்தைய வேலை நாலு மாதத்துக்கு மேல்.

காரணம் ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய். அது இன்னும் இருக்கும் நாடு நம்முடையது. அதனால் இங்கிருந்து போகும் நாயை ஐரோப்பிய நாடுகள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். முதலில் மைக்ரோசிப். அரிசி மணி அளவுதான், தோளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவோம். அதில் 15 இலக்க எண் இருக்கும். அதற்கப்புறம்தான் ரேபிஸ் ஊசி. குட்டியாக இருந்தால் 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்துதான் புறப்படலாம். கூட்டிப் பாருங்கள்.

சிப் முன்னால், ஊசி பின்னால் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் ஒரு குடும்பத்துக்கு நானே மாற்றிச் செய்துவிட்டேன். நாய் அன்று துள்ளிக்கொண்டிருந்தது. ஊசியை மட்டும் போட்டு அனுப்பி, சிப்பை மறுவாரம் ஏற்றினேன். எந்த நாய்க்குப் போட்ட ஊசி என்று எண்ணை வைத்துத்தானே நிரூபிக்க முடியும்? அந்த ஊசி கணக்கில் வரவில்லை. எல்லாம் முதலிலிருந்து. அவர்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை, தப்பு என்னுடையதுதான்.

ஒரு நல்ல செய்தி: ஒரு முறை ரத்தப் பரிசோதனையில் தேறிய பிறகு ரேபிஸ் ஊசியைத் தவணை தவறாமல் போட்டுவந்தால், ஐரோப்பாவுக்கு அந்த ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ஒரு நாள் தவறினாலும் போச்சு.

மற்ற நாடுகளுக்கு விதி வேறு. பிரிட்டனுக்கு விமானத்தில் போகும் வளர்ப்பு நாய் சரக்காகத்தான் இறங்க முடியும். போய்ச் சேர்வதற்கு 24 மணி நேரத்திலிருந்து 120 மணி நேரம் முன்பு நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதம் நிரம்பாத நாயை உள்ளே விடுவதில்லை. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேராக ஏற்பதே இல்லை.

நாயை வைத்து அனுப்பும் பெட்டி விஷயத்துக்கு வருவோம். ஆச்சி, வீட்டில் மிச்சமிருந்த பர்மாத் தேக்கில் ஆசாரியை விட்டே செய்துவிடலாம் என்றார்கள். தேக்குப் பெட்டியைத் தூக்க நாலு ஆள் வேண்டும்! நாய் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும், காது மேலே இடிக்கக்கூடாது. திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். நாலு பக்கமும் காற்று வர வேண்டும். சரக்காக அனுப்பும்போது எடை, பருமன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். மணியின் பெட்டி 100, 60, 80 என்று வந்தது. 80 கிலோ! மணியின் எடை 22.

பெட்டியை ஒரு மாதம் முன்பே வாங்கி, கதவைத் திறந்து வளவில் போட்டுவிடச் சொன்னேன். ஆச்சியின் பழைய சேலை உள்ளே விரிப்பு. முதல் வாரம் மணி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு மதியத் தூக்கமே அதற்குள்தான்.

தூக்க மருந்து கேட்பவர்கள் அநேகம். நான் கொடுப்பதில்லை. ரத்த அழுத்தம் இறங்கும், உடம்பின் சூட்டைச் சமாளிக்க முடியாது. மேலே போனபின் பார்க்க ஆள் கிடையாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சே சிரமம் என்பதால் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை.

கடைசிப் படி சென்னை. மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் நாயைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஐரோப்பாவுக்கான சான்றிதழ் அங்கே இறங்கும்போது பத்து நாளுக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும். செட்டிநாட்டிலேயே போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதற்கு உயிர் வரும்வரை காரில் 400 கிலோமீட்டர்தான்.

எல்லா நாயையும் கொண்டுபோகச் சொல்வேனா? மாட்டேன். நாலைந்து மாதம் பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், பழகிய ஆளிடம் விட்டுப் போகலாம். பத்து வயது தாண்டிய, இதயக் கோளாறுள்ள நாயை ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. மணிக்கு நாலு வயது, ஆச்சி திரும்பும் எண்ணமும் இல்லை. அதனால் சரி என்றேன்.

புறப்படும் முன் வைரவன்பட்டி போய்ப் பைரவரைக் கும்பிட்டு வந்தார்கள். மறுவாரம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மகன் பேசினார். கருவியைக் கழுத்தருகே வைத்ததும் 15 இலக்கமும் சரியாக வந்ததாம். அதிகாரி தாளில் முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போதே, மணி பக்கத்துத் தூணில் காலைத் தூக்கிவிட்டானாம்.