கேமராவில் சிக்காத வெள்ளை

வணக்கம் மக்களே. தென் கொரியத் தலைநகர் சோலின் சம்சொங்-தோங் பகுதியில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் தெரிகிறதே, அந்த ஓவியக் கூடத்திலிருந்து இப்போதுதான் வெளியே வந்தேன். உள்ளே வீடியோ எடுக்க விட்டார்கள். இருபது நிமிடம் எடுத்தேன். போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை! வெள்ளைச் சுவரில் வெள்ளைப் படம். எதைப் பிடிப்பதென்று தெரியாமல் ஃபோன் மங்குகிறது, தெளிகிறது, மறுபடி மங்குகிறது. அதனால் இன்று வாயால்தான் ஓட்டியாக வேண்டும்.

மாட்டியிருப்பதில் பாதிக்கு மேல் தான்செக்வா. ஒற்றை நிற ஓவியம் என்று அர்த்தம். பெயர் பிற்பாடு ஒட்டியது. 1970-களில் இப்படி வரைந்தவர்கள் சங்கமும் வைக்கவில்லை, கொள்கை அறிக்கையும் விடவில்லை. 1975-இல் டோக்கியோ கேலரி ஐந்து கொரிய ஓவியர்களின் வெள்ளைப் படங்களைச் சேர்த்து மாட்டியது. வெளியுலகம் திரும்பிப் பார்த்தது அதற்கு அப்புறம்தான்.

"இதை எங்கள் வீட்டுப் பொடிசே கிறுக்கும்" என்று கமெண்ட் வரும், தெரியும். சரிதான். இந்த ஓவியர்களில் ஒருவரான பாக் சோ-போ இதைக் கற்றதே ஒரு பொடிசிடம்தான். அவருடைய சின்ன மகன் கட்டம் போட்ட நோட்டில் எழுதப் பார்க்கிறான். எழுத்து கட்டத்துக்குள் நிற்கவில்லை. அழிக்கிறான், எழுதுகிறான், கடைசியில் கடுப்பாகி எல்லாவற்றின் மேலும் கிறுக்கிவிடுகிறான். அப்பா அந்தக் கைவிடுதலைப் பிடித்துக்கொண்டார். ஈரம் காயாத வெள்ளை வண்ணத்தில் பென்சிலால் கோடு, மேலே மறுபடி வண்ணம், மறுபடி கோடு. 1967-இல் தொடங்கியவர், 2023-இல் இறக்கும்வரை அந்த வரிசையை விடவில்லை.

நான் நகர முடியாமல் நின்றது ஹா ஜோங்-ஹியோன் படத்தின் முன்னால். சாக்குத் துணி, நம் ரேஷன் கடைச் சாக்கு மாதிரியே முரட்டு நெசவு. போருக்குப் பின் கொரியாவுக்கு உதவித் தானியம் வந்த சாக்குகளையே அவர் எடுத்து வரைந்திருக்கிறார். ஆனால் முன்பக்கம் தூரிகையை வைப்பதில்லை. கெட்டியான வண்ணத்தைப் பின்பக்கமிருந்து அழுத்துகிறார். இடியாப்ப உரலில் மாவு பிதுங்குமே, அப்படி நெசவின் கண்களில் வண்ணம் பிதுங்கி நிற்கிறது. அதற்கப்புறம்தான் முன்னால் வந்து இழுத்துவிடுகிறார். நேரே நின்று பார்த்தால் பழுப்பு, வெள்ளை, அவ்வளவே.

யுன் ஹியோங்-குன் படங்கள் வேறு மாதிரி. வானத்துக்கு நீலம், மண்ணுக்குப் பழுப்பு. இரண்டும் கலந்து கிட்டத்தட்ட கறுப்பாகி, துணியில் எண்ணெய் ஊறி ஓரம் கசிந்திருக்கிறது. தான் வேலை பார்த்த பள்ளியில் நடந்த முறைகேட்டைக் கேட்டதற்காக 1973-இல் சிறைக்குப் போனவர். அதற்கு முன் வண்ணமாக வரைந்துகொண்டிருந்தவர்தான்.

கடைசி அறையில் இளம் ஓவியர்களின் படங்கள். பளிச்சென்ற நிறங்கள், ஃபோனில் அழகாக விழுகின்றன. வெளியே வந்ததும் மறந்துவிட்டேன், என்ன செய்ய?

சரி, ஒரே ஒரு காட்சி தேறியிருக்கிறது. ஹாவின் படத்தைச் சுவரோடு ஒட்டி நின்று, பக்கவாட்டில் எடுத்தது. இதோ. துணிக்கு வெளியே குமிழ் குமிழாக நிற்கிறது பாருங்கள், அது பின்னாலிருந்து வந்த வண்ணம்.