விதைப் பயறைக் காக்கும் எண்ணெயும் வசம்பும்

(காட்சி: உள்ளங்கையில் பச்சைப்பயறு, அண்மைக் காட்சி)

இந்தப் பயறின் மேல் சுண்ணாம்பு தெறித்தாற்போலத் தெரியும் வெள்ளைப் புள்ளிகளைக் கவனியுங்கள். இவை பயறு வண்டின் முட்டைகள். வயலில் காய் முற்றும் பருவத்திலேயே தாய் வண்டு முட்டையிடத் தொடங்கிவிடுவதால், நாம் களத்தில் அடித்து, புடைத்து, சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவரும் பயறோடு பூச்சியும் கூடவே வந்துசேர்கிறது.

முட்டையிலிருந்து பொரியும் புழு வெளியே நடமாடுவதே இல்லை. முட்டை ஒட்டியிருக்கும் இடத்திலேயே விதைத்தோலைத் துளைத்து நேராகப் பருப்புக்குள் இறங்கி, அங்கேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வட்டமான துளை வழியே வண்டாக வெளியேறுகிறது. அந்த வண்டு பயறைத் தின்பதில்லை. சில நாட்களே உயிர்வாழ்ந்து, இணைசேர்ந்து, அடுத்த தலைமுறைக்கான முட்டைகளை விதைகளின் மேல் ஒட்டிவிட்டு மடிகிறது.

(காட்சி: துளை விழுந்த பயறு, அருகில் வேப்பங்கொட்டைகள்)

எந்தத் தாவரப் பொருள் எங்கே பலிக்கும் என்பதை இந்த வாழ்க்கை முறைதான் தீர்மானிக்கிறது. வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற கசப்புப் பொருள் பூச்சிகளைத் தின்னவிடாமல் தடுப்பதிலும், புழுக்கள் தோலுரித்து வளர்வதைக் குலைப்பதிலும் பெயர்பெற்றது. ஆனால் பயறைத் தின்னாத வண்டைக் கசப்பு எப்படி விரட்டும்? இங்கே வேப்பெண்ணெயின் கசப்பைவிட அதன் எண்ணெய்ப் பசையே பெரிதும் துணைநிற்கிறது. விதையின் மேல் மெல்லிய படலம் படிந்திருந்தால் வண்டு முட்டையிடத் தயங்குகிறது. இட்ட முட்டைக்கும் காற்றோட்டம் தடைபட்டு, உள்ளிருக்கும் கரு மடிகிறது. துவரைக்கு ஆமணக்கெண்ணெய் தடவிவைக்கும் வழக்கம் இன்றுவரை நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே என்று கருதுகிறேன்.

(காட்சி: அகன்ற தாம்பாளத்தில் பயறோடு எண்ணெயைப் பிசறும் கைகள்)

ஒரு கிலோ பயறுக்கு 5 முதல் 10 மில்லி எண்ணெய் போதும். ஒவ்வொரு விதையும் மினுங்கும் வரை கையால் பிசற வேண்டும். அளவு மீறினால் முளைப்புத்திறன் குறையக்கூடும். விதைக்கு வேப்பெண்ணெயும், சமையலுக்கு வைத்திருக்கும் பயறுக்குக் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெயும் ஏற்றவை. பயறு முன்னதாகவே நன்றாகக் காய்ந்து, ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பல்லில் கடித்தால் டக்கென்று உடைவதே அதற்கு அடையாளம்.

பலர் ஏமாற்றமடைவது காலம் தவறுவதால்தான். விதைக்குள் இறங்கிவிட்ட புழுவை மேலே தடவும் எண்ணெய் எட்டாது. ஆகவே அறுவடை முடிந்து காயவைத்த கையோடு எண்ணெய் தடவிவிட வேண்டுமே தவிர, துளைகளைக் கண்ட பிறகு எண்ணெயைத் தேடுவதில் பெரிய பயன் இல்லை.

(காட்சி: வசம்புக் கிழங்கு, இடித்த தூள்)

வசம்பு வேறு வழியில் வேலைசெய்கிறது. அதன் கிழங்கிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் ஆவியாகப் பரவி, பெண் பூச்சிகளின் சினைப்பை வளர்ச்சியைக் கெடுக்கிறது. நூறு கிலோ விதைக்கு ஒரு கிலோ தூள் கலப்பது வழக்கம். எனினும் அதே பொருள் எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியது ஆய்வுகளில் தெரியவந்ததால், அமெரிக்கா 1968-ஆம் ஆண்டில் வசம்பை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. மூலிகைதானே என்ற நம்பிக்கையில் உண்ணும் தானியத்தில் இதைக் கலக்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். விதைக்கென ஒதுக்கிய தானியத்துக்கு மட்டும் பயன்படுத்தி, அந்தப் பாத்திரத்தின் மேல் அதை எழுதியும் வையுங்கள்.

நெல்லுக்கு வரும் கூன்வண்டையும் அந்துப்பூச்சியையும் விலக்க, நிழலில் உலர்த்திய நொச்சி, வேப்பிலைகளை மூட்டைகளுக்கு இடையே பரப்பிவைப்பது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். இலை காய்ந்து மணம் குன்றும்போது அதை மாற்ற வேண்டும். நெல் சரியாகக் காயாவிட்டால் அந்தக் குறையை இலைகள் ஈடுசெய்யா.

(காட்சி: நீரில் அமிழ்த்திய சணல் சாக்கு)

பழைய சாக்கின் தையல் இடுக்குகளில் போன ஆண்டின் பூச்சிகள் ஒளிந்திருக்கும். ஒரு கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டிய சாற்றில் சாக்கைக் கால்மணி நேரம் நனைத்து, நிழலில் முழுவதும் உலர்த்துங்கள். கடும் வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும். சாக்கில் சிறிது ஈரம் மிஞ்சினாலும் தானியம் பூசணம் பிடிக்கும் என்பதால், உலர்ந்ததைக் கையால் தடவி உறுதிசெய்த பின்பே தானியத்தைக் கொட்டுங்கள்.