பூட்டிய கதவுக்குள் வந்தவர்

(யாழ்ப்பாணத்தில் லெந்துகாலக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான ஐயாமார், அம்மாமார், தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

யோவான் சுவிசேஷம் 20ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். இயேசு உயிர்த்தெழுந்த அன்று மாலை. மகதலேனா மரியாள் காலையிலேயே ஓடி வந்து "கர்த்தரைக் கண்டேன்" என்று சொல்லிவிட்டாள். பேதுருவும் இன்னொரு சீஷனும் வெறுமையான கல்லறையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். நல்ல செய்தி வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஆனாலும் சீஷர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். பயம். இயேசு அந்தப் பூட்டுக்குள்ளேயே வந்து நடுவில் நின்றார். "உங்களுக்குச் சமாதானம்" என்றார். ஏன் பூட்டினீர்கள் என்று கேட்கவில்லை. தம்முடைய காயங்களைக் காட்டினார்.

இதற்குப் பிறகு வருவதை நாம் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். 26ஆம் வசனம். எட்டு நாள் கழிந்துவிட்டது. அவரைக் கண்ணாலே கண்டு சந்தோஷப்பட்டவர்கள் அதே ஆட்கள்தான். கதவு மறுபடியும் பூட்டியிருக்கிறது! அவர் மறுபடியும் வந்தார். மறுபடியும் அதே வார்த்தை, "உங்களுக்குச் சமாதானம்."

"இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனம் சிலருக்கு ஞாபகம் வரும். அது வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்டது. எனக்கு ஒரு குறைவுமில்லை என்று நினைத்திருந்தவர்களுக்கு. பயந்து ஒடுங்கியிருந்தவர்களுடைய வாசலில் அவர் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே வந்துவிட்டார். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான். நம்முடைய பயம் போய்த் தீர்ந்த பிறகுதான் கிருபை வரும் என்று நாம் காத்திருக்கிறோம். அது பயம் இருக்கும்போதே வருகிறது.

இந்த மண்ணில் எத்தனை பூட்டிய கதவுகள் இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சண்டை 2009இல் முடிந்தது. இன்றைக்கும் ஹெலி ஒன்று தாழப் பறந்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு மேலே பார்க்கிற அம்மாமார் இருக்கிறார்கள். இரவில் நாய் குரைத்துப் படலை அசைந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற ஐயாமார் இருக்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி சண்டைக்குப் பயந்து வலிகாமப் பகுதிச் சனமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்ததே, அன்று மழைக்குள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். சனநெரிசலுக்குள் போனால் நெஞ்சு அடைக்கிறது. ஏன் என்று அவருக்கே தெரியாது. மனைவிக்கும் சொன்னதில்லை.

சண்டையோடு சம்பந்தமில்லாத பயங்களும் உண்டு. மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, மகளின் கலியாணம் முடியட்டும் என்று மறைத்து வைத்திருக்கிற தாய். நுண்கடன் தவணைக்கு வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்வளவுக்குப் போய் நிற்கிற தங்கை. உயர்தரப் பரீட்சை முடிவு வருகிற நாளை நினைத்து நித்திரை இல்லாத பிள்ளை. இவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பு உடுத்திக்கொண்டு கோவிலுக்கு வருகிறார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "கர்த்தருடைய கிருபையால் சுகம்."

ஏன் சொல்லுகிறார்கள் இல்லை? சபைக்கும் இதில் பங்கு இருக்கிறது. விசுவாசிக்குப் பயம் இருக்கக் கூடாது என்று நாம் பழக்கிவைத்திருக்கிறோம். பயத்தோடு வந்தவரிடம் "பயப்படாதே என்று வேதத்தில் இருக்கிறதே" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர் போகும்போது பயத்தோடு வெட்கத்தையும் சுமந்துகொண்டு போகிறார். அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்.

வேதம் அப்படி நடந்துகொள்ளவில்லை. கெத்செமனேயில் இயேசு வியாகுலப்பட்டதை அது மறைக்கவில்லை. "இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று மூன்று பேரிடம் கேட்டாரே, தேவகுமாரனே துணை கேட்டார். பவுலைப் பாருங்கள். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய அதே பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது, "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்கிறார். அந்தப் பயத்தில் தேவன் அவரை எப்படி ஆறுதல்படுத்தினார் தெரியுமா? தரிசனம் ஒன்றும் இல்லை. தீத்து வந்து சேர்ந்தான். ஒரு சிநேகிதன் வந்தான். கிருபை சில வேளை ஒரு மனுஷனுடைய காலால் நடந்து வருகிறது.

இன்னொன்றையும் நான் தவிர்க்கக் கூடாது. 1995 யூலை 9ஆம் திகதி, இராணுவத்தின் "முன்னேறிப் பாய்தல்" நடவடிக்கை தொடங்கிய நாள். நவாலி சென் பீற்றர்ஸ் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின்மேல் குண்டு விழுந்தது. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ஆலயத்துக்குள் போனால் காப்பாற்றப்படுவோம் என்று நம்பிப் போனவர்கள். ஆகவே, விசுவாசித்தால் உனக்கு ஒன்றும் நடக்காது என்று யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு எந்தப் பிரசங்கியும் சொல்லக் கூடாது. நான் சொல்ல மாட்டேன். வேதமும் அப்படிச் சொல்லவில்லை. மரணமோ ஜீவனோ, எதுவும் கிறிஸ்துவுக்குள்ளான தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க மாட்டாது என்கிறது ரோமர் 8. அங்கே மரணம் வராது என்று சொல்லப்படவில்லை, பிரிக்காது என்றுதான் சொல்லப்படுகிறது. நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வார்த்தையைத்தான். கதவுக்குள் வந்தவர் காயங்களோடு வந்தார். நவாலியின் தாய்மாருக்கு முன்னால் காயமில்லாத கடவுளைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

நம்முடைய ஊர்ச் சரித்திரத்திலும் ஒரு பூட்டிய வீடு உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை வந்தது. தடை போட்டவர்கள் சீர்திருத்த சபையார், புரட்டஸ்தாந்தராகிய நமக்கு உறவுமுறைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். பல வருடமாகச் சனங்கள் தங்கள் விசுவாசத்தை வீட்டுக்குள் ஒளித்து வாழ்ந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் ஏழை மனுஷன் வேஷத்தில், நோயாளியாக வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். பயந்திருந்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே. அப்புறம் சில்லாலையில் தங்கி, இரவிலே ஊர் ஊராகப் போனார். ஏன் ஒளித்திருக்கிறீர்கள் என்று அவரும் யாரையும் கேட்கவில்லை. அவர்கள் இருந்த இருட்டுக்குள் போனார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார்.

வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நித்திரையில்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது, சாவைப் பற்றியே நினைவு என்றால் செபத்தோடு வைத்தியரிடமும் போங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தும் கதைக்கலாம். குளிசை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், 1847இல் இங்கே மிஷனரியாக வந்த சாமுவேல் கிறீன் வைத்தியரை நினையுங்கள். மானிப்பாயில் இருந்து நம்முடைய பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். சுவிசேஷமும் மருந்தும் அவர் கையில் சண்டை பிடிக்கவில்லை.

கடைசியாக, போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் வீட்டுக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவர் உங்களை நம்பித் தன் பயத்தைச் சொன்னால், அடுத்த வாரம் அது செபக்குறிப்பாக வெளியே வரக் கூடாது. "பெயர் சொல்ல விரும்பவில்லை, மேற்குத் தெருவில் ஒரு சகோதரிக்காகச் செபிப்போம்" என்றால், அது யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சகோதரி யாரிடமும் வாய் திறக்க மாட்டார். உடனே வசனம் சொல்லவும் அவசரப்படாதீர்கள். முதலில் முழுவதையும் கேளுங்கள். பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத ஸ்திரீ நடுங்கிக்கொண்டு உண்மை எல்லாவற்றையும் சொன்னபோது, யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தும் இயேசு நின்று கேட்டார். "மகளே" என்று கூப்பிட்டுத்தான் பதில் சொன்னார்.

கூட்டம் முடிந்த பிறகு போதகர் ஐயாவும் அம்மாவும் நானும் பின் அறையில் இருப்போம். மேடைக்கு வரத் தேவையில்லை, கை உயர்த்தத் தேவையில்லை, சாட்சி சொல்லவும் தேவையில்லை. கதைக்க வேண்டும் போலிருந்தால் வாருங்கள். இன்றைக்கு முடியாவிட்டால் இன்னொரு நாளைக்கு வாருங்கள், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.